ஆட்டிசம் என்று டாக்டர் சொன்ன பிறகு

பெயர் சொல்லி அழைத்தால் குழந்தை திரும்பிப் பார்ப்பதில்லை. வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டுவதில்லை. பொம்மைக் காரை ஓட்டாமல் அதன் சக்கரத்தையே சுழற்றிக்கொண்டிருக்கிறது. டாக்டரிடம் அழைத்துப் போனால் 'ஆட்டிசம்' என்கிறார். தமிழில் இதை மதியிறுக்கம் என்று எழுதுகிறார்கள். சொந்த பந்தங்களை விட்டுத் தில்லியில் வாழும் நம் குடும்பங்களுக்கு, மறுநாள் காலை என்ன செய்வது என்று சொல்ல அருகில் ஆள் இருப்பதில்லை. என் பேரனுக்கு இந்நிலை இருப்பது தெரிந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. நான் மருத்துவன் அல்லன். படித்தும் பழகியும் அறிந்ததை வரிசையாகத் தருகிறேன்.

யார் மீதும் பழி வேண்டாம்

ஆட்டிசம் தொற்றும் நோய் அல்ல. மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு. 1943இல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற மருத்துவர் எழுதிய கட்டுரைக்குப் பின்பே இது பரவலாக அறியப்பட்டது. தாய் பாசம் காட்டாததே காரணம் என்று பிறகு சில காலம் நிபுணர்களே சொன்னார்கள். அந்தக் கருத்து கைவிடப்பட்டுவிட்டது. மரபணுக்களுக்கே இதில் பெரும் பங்கு. தடுப்பூசியைத் தொடர்புபடுத்தி 1998இல் வெளிவந்த கட்டுரையை 'லான்செட்' இதழே 2010இல் விலக்கிக்கொண்டது. ஆகவே, "அம்மா வேலைக்குப் போனதால்தான் இப்படி" என்ற பேச்சை வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது.

காத்திருக்க வேண்டாம்

"அவன் அப்பாவும் நாலு வயதில்தான் பேசினான்" என்று பெரியவர்கள் ஆறுதல் சொல்வார்கள். அதை நம்பி நாளைக் கடத்தக் கூடாது. காது கேட்கும் சோதனை செய்யாமலிருந்தால் உடனே செய்துவிடுங்கள். பேச்சுப் பயிற்சியையும், டாக்டர் சொல்லும் மற்றப் பயிற்சிகளையும் தொடங்குங்கள். பயிற்சியாளரிடம் குழந்தை இருப்பது வாரத்தில் சில மணி நேரம். மற்ற நேரமெல்லாம் நம்மிடம். எனவே பெற்றோரும் கற்றுக்கொள்ள வேண்டும். ஆட்டிசம் உள்ள மகனின் தாயான மெரி பரூவா 1991இல் தில்லியில் தொடங்கிய 'ஆக்ஷன் ஃபார் ஆட்டிசம்' பெற்றோருக்கும் பயிற்சி தரும் அமைப்பு.

வீட்டில் செய்யக்கூடியவை எளியவை. குழந்தையோடு தரையில் உட்காருங்கள். அது எதைப் பார்க்கிறதோ அதன் பெயரைச் சொல்லுங்கள். சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசி, பதிலுக்குப் பொறுமையாகக் காத்திருங்கள்.

ரயில்வேக்காரனான எனக்குப் பிடித்தது கால அட்டவணை. பல் தேய்ப்பது, குளிப்பது, இட்லி, பள்ளி வேன் என்று படங்களை வரிசையாகச் சுவரில் ஒட்டுங்கள். அடுத்தது என்ன என்று தெரியாத தவிப்பே பல அழுகைகளுக்குக் காரணம். மாறுதல் இருந்தால் படத்தை முன்கூட்டியே மாற்றிக் காட்டிவிட வேண்டும். படம் காட்டினால் பேச்சு வராது என்ற பயம் வேண்டாம். படங்கள் பேச்சைத் தடுப்பதில்லை.

எந்த மொழியில் பேசுவது?

நம்மவர்களுக்கென்றே எழுத வேண்டியது இது. வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் ஆங்கிலம். "குழந்தை குழம்பிவிடும், தமிழை விட்டுவிடுங்கள்" என்ற அறிவுரை இன்னும் பலருக்குச் சொல்லப்படுகிறது. இரு மொழி புழங்கும் வீட்டுக் குழந்தைகளையும் ஒரு மொழி வீட்டுக் குழந்தைகளையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், இரண்டாவது மொழியால் ஆட்டிசக் குழந்தையின் பேச்சு மேலும் பின்தங்கியதாகத் தெரியவில்லை.

தமிழை விட்டால் நேரும் நஷ்டமோ பெரிது. தமிழில் நினைக்கும் தாய் ஆங்கிலத்தில் 'கம்', 'சிட்', 'ஈட்' என்று கட்டளை மட்டுமே இடுவாள். கொஞ்சலும் கேலியும் தாலாட்டும் போய்விடும். பாட்டிக்கும் பேரனுக்கும் இடையே பேச்சே இராது. பேசுவது கடினமாக உள்ள குழந்தைக்குப் பேச்சுத்துணை கூட வேண்டும். நாம் அதைக் குறைப்பதா? அவரவருக்கு இயல்பாக வரும் மொழியில் பேசுங்கள். 'தண்ணி', 'வேணும்', 'போதும்' என்று குழந்தை சொல்லும் தமிழ்ச் சொற்களை ஒரு நோட்டில் எழுதிப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள். இந்திச் சொற்களோடு அவற்றையும் சேர்த்தே கணக்கிடச் சொல்லுங்கள்.

சான்றிதழ்

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. அரசு மருத்துவமனை மூலம் சான்றிதழும் யு.டி.ஐ.டி. அட்டையும் பெறலாம். 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்றளிக்கப்பட்டால், 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெற உரிமை உண்டு. 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த நேஷனல் டிரஸ்ட்டின் 'நிராமயா' காப்பீடு ஒரு லட்சம் ரூபாய் வரை உதவும். நெற்றியில் முத்திரை குத்தியது போலாகுமே என்று தயங்கினால் இந்த உரிமைகளைக் கேட்டுப் பெற வழியில்லாமல் போகும்.

ஆட்டிசத்தைக் குணமாக்கும் மருந்து இதுவரை இல்லை. தூக்கமின்மை, வலிப்பு போன்றவற்றுக்கு டாக்டர் தரும் மருந்து வேறு விஷயம். ஆறு மாதத்தில் குணம், ஸ்டெம் செல் ஊசி என்று லட்சங்கள் கேட்பவர்களிடம் போக வேண்டாம். அந்தப் பணம் பயிற்சிக்கு உதவட்டும்.

கடைசியாக, மற்ற வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். சங்க விழாவில் ஒரு குழந்தை காதைப் பொத்திக்கொண்டு ஓடினால், "வளர்ப்பு சரியில்லை" என்று முணுமுணுக்காதீர்கள். வாசல் பக்கம் இரண்டு நாற்காலி ஒதுக்கிக் கொடுங்கள்; ஒலிபெருக்கியைச் சற்றுக் குறையுங்கள். அந்தக் குடும்பம் அடுத்த விழாவுக்கும் வரும்.