கோவையில் தொழில், கையில் அமெரிக்கப் பாஸ்போர்ட்: அங்கேயும் கணக்குக் காட்ட வேண்டுமா?

கேள்வி: நான் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவன். 2019-ல் குடும்பத்துடன் கோவைக்கே திரும்பிவிட்டேன். பம்ப் உதிரிபாகங்கள் தயாரிக்கும் பிரைவேட் லிமிடெட் கம்பெனியில் 60 சதவீதப் பங்கு என்னுடையது. அதில் வாங்கும் சம்பளத்துக்கு இங்கே ஒழுங்காக வரி கட்டுவதால், அமெரிக்காவில் ரிட்டர்ன் போடவேயில்லை. இப்போது வங்கியில் என் சோஷியல் செக்யூரிட்டி எண்ணைக் கேட்கிறார்கள். என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை

பதில்: எண்ணைக் கொடுத்துவிடுங்கள். 2015-ல் இரு நாடுகளும் செய்துகொண்ட ஃபாட்கா ஒப்பந்தப்படி, அமெரிக்கக் குடிமக்களின் கணக்கு விவரம் இங்கிருந்து அங்கே போகிறது. மறைத்தால் சிக்கல்தான் பெருகும்.

தன் குடிமக்கள் எந்த நாட்டில் வாழ்ந்தாலும் அவர்களுடைய மொத்த வருமானத்துக்கும் அமெரிக்கா கணக்குக் கேட்கும். கிரீன் கார்டை முறைப்படி ஒப்படைக்காமல் ஊர் திரும்பியவர்களுக்கும் இதே விதிதான். உங்கள் சம்பளத்துக்கு அங்கே வரி எதுவும் வராமலே போகலாம். வெளிநாட்டில் உழைத்து ஈட்டியதில் 2025-ம் ஆண்டுக்கு 1,30,000 டாலர் வரை விலக்கு உண்டு. அல்லது, இங்கே கட்டிய வரியை அங்கே கழித்துக்கொள்ளலாம். இங்கே 30 சதவீதம் கட்டுபவருக்குப் பெரும்பாலும் இரண்டாவது வழியே லாபம். ஆனால் எதுவானாலும் ரிட்டர்ன் போட்டுக் கேட்டால்தான் கிடைக்கும். அவர்களுக்கு ஆண்டு என்பது ஜனவரி முதல் டிசம்பர் வரை. ஏப்ரலில் தொடங்கும் நம் நிதியாண்டுக்கான படிவம் 16-ஐ அப்படியே எடுத்து எழுத முடியாது.

சம்பளத்தைவிடக் கம்பெனிதான் எனக்குக் கவலை தருகிறது. ஆண்டுதோறும் படிவம் 5471 தர வேண்டும். தராவிட்டால், வரி பாக்கி இல்லாவிட்டாலும் ஆண்டுக்கு 10,000 டாலர் அபராதம் விதிக்கலாம். டிவிடெண்டாக எடுக்காத லாபமும் உங்கள் வருமானமாகவே கணக்கிடப்படலாம். அமெரிக்கக் கணக்குப்படி கம்பெனி இங்கே 18.9 சதவீதத்துக்கு மேல் வரி கட்டியிருந்தால் அதற்கு விலக்குக் கோரலாம். ஆண்டின் எந்த நாளிலாவது அமெரிக்காவுக்கு வெளியே உள்ள எல்லா வங்கிக் கணக்குகளிலும் சேர்த்து இருப்பு 10,000 டாலரைத் தாண்டினால் எஃப்பார் என்ற தனி அறிக்கை உண்டு. பாதிக்கு மேல் பங்கு வைத்திருப்பதால் கம்பெனிக் கணக்குகளும் அதில் சேரும். மியூச்சுவல் ஃபண்ட் இருந்தால் அதற்கும் தனிப் படிவம்.

கம்பெனியாக இல்லாமல் சொந்தப் பெயரில் தொழில் செய்பவர் நிலை இன்னும் மோசம். சுயதொழில் வரி 15.3 சதவீதம், மேலே சொன்ன 1,30,000 டாலர் விலக்கு இதற்குச் செல்லாது. இந்தியாவோடு சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இல்லாததால் தப்பவும் வழியில்லை. இது பெரிய அநியாயம் என்றே நினைக்கிறேன்.

உங்களுக்கு வழி இருக்கிறது. அமெரிக்க வரித்துறையின் (ஐ.ஆர்.எஸ்.) ஸ்ட்ரீம்லைன்டு திட்டத்தில் கடந்த 3 ஆண்டு ரிட்டர்ன், 6 ஆண்டு எஃப்பார் தாக்கல் செய்து, வரி பாக்கி இருந்தால் வட்டியோடு கட்டினால் அபராதம் இல்லை. தவறு வேண்டுமென்றே செய்ததல்ல என்று கையெழுத்திட வேண்டும். விதி தெரிந்தே விட்டிருந்தால் அதில் கையெழுத்திடாதீர்கள். முதலில் வழக்கறிஞரைப் பாருங்கள். ஐ.ஆர்.எஸ். உங்கள் கணக்கை ஆய்வுக்கு எடுத்துவிட்டால் இந்தத் திட்டத்தில் சேர முடியாது. அதனால் இரு நாட்டு வரியும் அறிந்த ஆடிட்டரை இந்த மாதமே சந்தியுங்கள்.