ஆறு லிட்டர் தூரம்

அலங்காநல்லூர்

அன்புள்ள மருமகனுக்கு,

ராஜஸ்தானின் ஜெய்சல்மேர், பார்மேர் மாவட்டங்களில் 3,162 சதுர கிலோமீட்டருக்குப் பரந்து கிடக்கிறது பாலைவனத் தேசியப் பூங்கா. மதுரை மாவட்டத்தைவிடச் சற்றே சிறியது. பெயரைக் கேட்டதும் அடிவானம் வரை மணல்மேடுதான் என்று நினைத்துக்கொண்டு போகிறவர் ஏமாந்துபோவார். மேடுகள் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். மற்றதெல்லாம் பாறைத்தரை, சரளை, உப்புப் பூத்த பள்ளம், புல்வெளி. நடுநடுவே கிராமங்களும் ஆட்டு மந்தைகளும் உண்டு. தேசியப் பூங்கா என்று பெயரே தவிர, 1980-ல் அறிவிக்கப்பட்டது வனவிலங்குச் சரணாலயமாகத்தான்.

அங்கே ஓர் இரவு தங்கி நடக்கத் திட்டம் போடுகிறவர் முதலில் செய்ய வேண்டியது, எங்கே நடக்கக் கூடாது என்று தெரிந்துகொள்வது. கானமயில் ஒரு காலத்தில் தமிழ்நாட்டிலும் இருந்த பறவை. இன்று நாடு முழுக்க 150-க்கும் குறைவாகவே எஞ்சியிருக்கிறது, அதிலும் பெரும்பகுதி ஜெய்சல்மேர்ப் பக்கம்தான். தரையில் ஒற்றை முட்டையிடும் பறவை அது. அதற்காக வேலியிட்டுக் காக்கப்படும் சுதாசரி போன்ற பகுதிகளில் இரவு நடை என்ற பேச்சுக்கே இடமில்லை. மேற்கே போகப் போகப் பாகிஸ்தான் எல்லை நெருங்கும். அங்கே தனி அனுமதியில்லாமல் நுழைய முடியாது. இரவு தங்கி நடப்பவர்கள் பெரும்பாலும் சம், குரி கிராமங்களை ஒட்டிய மேடுகளில், உள்ளூர் ஒட்டகக்காரர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு நடக்கிறார்கள். எந்தத் தடம், எத்தனை பேர், எந்த இரவு என்பதை ஜெய்சல்மேர் வனத்துறை அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்கிவிட வேண்டும். வெளிநாட்டு நடைநூல்கள் செயற்கைக்கோள் தொலைபேசி கொண்டுபோகச் சொல்லும். இந்தியாவில் உரிமம் இல்லாமல் அதை வைத்திருப்பதே குற்றம். எல்லையோரத்தில் அது கையில் இருந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

காலம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. கோடையில் வெயில் 45 டிகிரியைத் தாண்டும் ஊர் அது. பொங்கலுக்கு வாடிவாசலை விட்டு நகராத அலங்காநல்லூர்க்காரருக்கு ஜனவரி கடைசி வாரம் தோதாக இருக்கும். மதுரையிலிருந்து பீகானேருக்கு வாராந்திர அனுவிரத் எக்ஸ்பிரஸ் போகிறது. அங்கிருந்து ஜெய்சல்மேருக்கு ரயிலோ பஸ்ஸோ பிடித்துக்கொள்ளலாம்.

இனித் தண்ணீர். திட்டம் என்பதே இதுதான். எத்தனை கிலோமீட்டர் நடக்கலாம் என்று முதலில் தீர்மானித்துவிட்டு, அப்புறம் தண்ணீரைப் பற்றி யோசிப்பது நம்மூர்ப் பழக்கம். பழனிப் பாதயாத்திரையில் வழி நெடுகத் தண்ணீர்ப்பந்தல் இருப்பதால் அது செல்லுபடியாகிறது. பாலையில் கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். பிற்பகல் மூன்று மணிக்குக் கிளம்பி ஆறு மணிக்கு நிறுத்துவது, காலை ஏழரைக்குக் கிளம்பிப் பத்தரைக்குத் திரும்புவது என்றால் நடை ஆறு மணி நேரம். குளிர்காலத்திலும் மணிக்கு அரை லிட்டர் வேண்டும்: மூன்று லிட்டர். இரவுக்கும் சாப்பாட்டுக்கும் ஒன்றரை. வழி தவறினால் கைகொடுக்க இன்னொரு ஒன்றரை. ஆக ஆறு லிட்டர், ஆறு கிலோ. அந்தச் சுமையோடு மணலில் மணிக்கு இரண்டரை கிலோமீட்டர் நடந்தால் அதிகம். போக வரப் பதினைந்து கிலோமீட்டர், அதற்கு மேல் இல்லை.

வழியில் கிணறு இருக்குமே என்பது தப்புக் கணக்கு. மேற்கு ராஜஸ்தானின் நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு. முதுகுப்பையில் செருகும் வடிகட்டி கிருமியை நீக்கும், உப்பை நீக்காது. வீட்டோரங்களில் மழைநீரைச் சேர்த்துவைக்கும் மூடிய தொட்டிகள் உண்டு, டாங்கா என்பார்கள். ஆண்டுக்கு இருநூறு மில்லிமீட்டர்கூட மழை காணாத இடத்தில் அது ஒரு குடும்பத்தின் வருடச் சேமிப்பு. கேட்டால் மறுக்க மாட்டார்கள் என்பதாலேயே கேட்காமல் இருப்பது நல்லது.

சாப்பாடும் இந்தக் கணக்குக்குள் அடங்க வேண்டும். சோறு வடித்தால் ஒரு லிட்டர் போச்சு. மிளகாய்ப்பொடி, நல்லெண்ணெய் தடவிய சப்பாத்தி, கடலைமிட்டாய், பேரீச்சம்பழம் போதும். சமையல் இல்லாவிட்டால் விறகும் வேண்டாம். அங்கே கேஜ்ரி எனப்படுவது நம் வன்னி மரம். மதுரைக் கோயில் கதையில் கிணற்றோடும் இலிங்கத்தோடும் சாட்சி சொல்ல வந்ததும் அதுவே. 1730-ல் ஜோத்பூர் அருகே கேஜர்லி கிராமத்தில் இந்த மரத்தை வெட்ட விடாமல் கட்டிப்பிடித்து 363 பிஷ்னோய் மக்கள் உயிர்விட்டார்கள். அதன் கிளையை முறித்துக் குளிர்காய்பவரை ஊர் எப்படிப் பார்க்கும் என்பது தெரிந்ததுதான்.

புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே, ஆறு கிலோ சுமையோடு பெரியாறு வாய்க்கால் கரையில் கள்ளந்திரிப் பக்கமாக நடந்து பழகலாம். கால் எங்கே கொப்புளிக்கிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். மணலில் ஒரு நுட்பம் உண்டு. காற்று வரும் பக்கத்துச் சரிவு நீளமாக, இறுகிக் கிடக்கும்; மறுபக்கம் செங்குத்தாக, கால் புதைய உதிரும். ஏறுவது முதல் பக்கத்தில், இல்லையேல் முகட்டை ஒட்டி.

திசைக்குக் கைப்பேசியை மட்டும் நம்பக் கூடாது. குளிரில் அதன் மின்சாரம் சீக்கிரம் வடியும். நடந்து வந்த தடத்தையும் காற்று அழித்துவிடும். காந்த ஊசி ஒன்று வேண்டும். வானமும் உதவும். அலங்காநல்லூரில் துருவ நட்சத்திரம் தொடுவானிலிருந்து பத்து டிகிரி உயரத்தில், நீட்டிய கையின் ஒரு முட்டி அளவில், தென்னந்தோப்புக்குப் பின்னே மறைந்துகிடக்கும். ஜெய்சல்மேரில் அது 27 டிகிரி, ஏறக்குறைய மூன்று முட்டி. மறைக்கவும் அங்கே ஒன்றுமில்லை.

படுக்குமிடம் முகட்டிலும் கூடாது, காற்று அடிக்கும். அடிப்பள்ளத்திலும் கூடாது, குளிர்காற்று வந்து தேங்கும். இடைச்சரிவே சரி. பகலில் 24 டிகிரி இருந்த இடம் இரவில் எட்டுக்கும் கீழே இறங்கும். ஜனவரியில் சூரியன் உதிக்க ஏழே கால் தாண்டிவிடும். மதுரைப் போர்வை எடுபடாது, தூக்கப்பை வேண்டும்.

எருக்கம்புதரின் அடியில் சுருட்டை விரியன் இருக்கலாம். குளிரில் நடமாட்டம் குறையுமே தவிர, இல்லாமல் போகாது. இரவில் டார்ச் இல்லாமல் எழுந்து நடக்கக் கூடாது. காலையில் ஷூவைக் கவிழ்த்துத் தட்டாமல் காலை நுழைக்கக் கூடாது, தேள் இருக்கும். பாம்பு கடித்துவிட்டால் கீறுவதும் இறுக்கிக் கட்டுவதும் தப்பு. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் ஜெய்சல்மேர் மருத்துவமனைக்குப் போக வேண்டும். நாட்டின் விஷமுறிவு மருந்துக்கு நெடுங்காலமாக விஷம் கொடுத்துவருவது, 1978-ல் தொடங்கி மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். ஆனால் அந்த மருந்து ராஜஸ்தான் விரியனின் கடிக்கு அவ்வளவாகக் கேட்பதில்லை என்று அங்குள்ள மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஆகவே மருந்தை நம்பிக் காலை வைக்க முடியாது.

கடைசியாக ஒரு தாள். தடம், படுக்கும் இடம், ஒட்டகக்காரரின் எண், திரும்பும் நேரம் ஆகியவற்றை எழுதி, ஒரு பிரதி ஜெய்சல்மேரில் தங்கும் விடுதியிலும், ஒன்று வீட்டிலும் இருக்க வேண்டும். பத்தரைக்குத் திரும்புவதாகத் திட்டம் என்றால், பகல் ஒரு மணி வரை அழைப்பு வராவிட்டால் எந்தக் காவல் நிலையத்துக்குச் சொல்வது என்பதையும் அதிலேயே எழுதிவிட வேண்டும்.

அன்புடன்,
மாமா