தீவனத்தின் ஈரமும் பரிசோதனை முடிவுகளின் ஒற்றுமையும்

சிவகிரி, சங்கரன்கோயில் பகுதிகளில் மக்காச்சோளம் பயிரிடும் குடியானவர்கள் அதைக் கோழித் தீவனத்திற்கென விற்குங்கால், ஈரத்தின் அளவைப் பற்றி வாங்குவோருடன் விவாதம் நேரிடக்கூடும். ஒரே அம்பாரத்துத் தானியத்தில் ஓரிடத்தார் 12 சதவிகித ஈரமென்றும், மற்றோரிடத்தார் 14 சதவிகிதமென்றும் கூறினால் யாது செய்வது?

இவ்வேற்றுமை அற்பமன்று. 1,000 கிலோ தானியத்தில் ஈரம் 12 சதவிகிதமாயின் உலர்பொருள் 880 கிலோ. 14 சதவிகிதமாயின் 860 கிலோவே. அன்றியும், ஈரம் மிகுந்த தீவனத்தில் பூஞ்சக்காளான் பற்றி, அஃப்ளாடாக்ஸின் என்னும் நஞ்சு உண்டாகலாம். 1960-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு லட்சத்திற்கு மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. நிலக்கடலைப் பிண்ணாக்கிலிருந்த இந்நஞ்சே அதற்குக் காரணமெனப் பின்னர் அறியப்பட்டது.

ஆய்வுச்சாலையில் பொடித்த தீவனத்தை நிறுத்து, சுமார் 105 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணத்தில் எடை மேலும் குறையாத வரையில் உலர்த்துவர். பிறகு காற்றின் ஈரம் படாதபடி மூடி ஆறவைத்து மீண்டும் நிறுப்பர். குறைந்த எடையே ஈரமெனக் கொள்ளப்படும். உஷ்ணமோ நேரமோ மாறின் முடிவும் மாறும். சர்க்கரைப் பாகு கலந்த தீவனம் மிகுந்த உஷ்ணத்தில் சிதைவதால், ஈரம் உள்ளதினும் அதிகமாகத் தோன்றும். மின்சார ஈரமானி விரைவில் அளவு காட்டுமாயினும், அதனை உலர்த்தும் முறையுடன் அவ்வப்போது ஒப்பிட்டுச் சரிசெய்தல் அவசியம்.

ஆய்வுச்சாலையை அடையுமுன்னரே பிழை நேர்வதும் உண்டு. ஆகையால் மாதிரி எடுப்போர் கீழ்க்கண்டவற்றைக் கவனிப்பாராக:

1. பல மூட்டைகளின் மேல், நடு, அடி ஆகிய பாகங்களிலிருந்து சிறிது சிறிதாக எடுத்து, நிழலில் விரைவாக ஒன்றுகலக்க வேண்டும்.

2. கலந்ததை நான்கு கூறாக்கி, எதிரெதிர்க் கூறுகள் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு, தேவையான அளவு வரும் வரையில் இவ்வாறே குறைக்க வேண்டும்.

3. காகிதப் பையும் துணிப்பையும் ஆகா. காற்றுப் புகாத பாத்திரங்களில் நிரப்பி, தேதியும் விவரமும் எழுதி, தாமதமின்றி அனுப்ப வேண்டும்.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பரிசோதனைக்கென ஆய்வகம் உள்ளது. எவ்விடம் அனுப்பினும், முடிவுடன் கையாண்ட முறையையும் உஷ்ணத்தையும் கேட்டறிக. ஒரே மாதிரியை இருமுறை சோதித்தும் முடிவுகள் பெரிதும் வேறுபடின், மறுபடி சோதிக்கும்படி கோருக.

விவாதம் நேரின், கிராம உத்தியோகஸ்தர்கள் இரு தரப்பார் முன்னிலையில் மாதிரியை மூன்று பங்காக்கி முத்திரையிடச் செய்தல் நலம். தரப்புக்கொன்று அளித்து மூன்றாவதைப் பத்திரப்படுத்தினால், பின்னர் அதைச் சோதித்து வழக்கைத் தீர்த்துக்கொள்ளலாம்.