வடகாட்டுச் சதுப்பும் பைராம் கரையும்

தென்குமரியில் நீராடி வடதிசை திரும்பும் நாரையைத் தன் மனைவிக்குத் தூது அனுப்பினார் சத்திமுத்தப் புலவர். பறவைகள் பருவந்தோறும் தென்னாட்டுக்கு வந்து மீள்வதைத் தமிழர் நன்கு அறிந்திருந்தனர் என்பதற்கு அப்பாடல் சான்று. அந்த வடதிசையில் என்ன இருக்கிறது? அதற்கும் நிபோங் திபால் வட்டாரத்துப் பைராம் தோட்டத்திற்கும் என்ன தொடர்பு? இவற்றைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மரத்தில் கூடு கட்டும் உள்ளான்

உள்ளான் இனப் பறவைகள் பெரும்பாலும் தரையில்தான் முட்டையிடும். அவ்வினத்தைச் சேர்ந்த நார்ட்மன் பச்சைக்காலியோ ஊசியிலை மரமான லார்ச்சிலும் கூடு கட்டுகிறது. ரஷ்யாவின் தூரக்கிழக்கில், ஒகோட்ஸ்க் கடலோரக் காடுகளும் சதுப்புகளும் சந்திக்கும் இடமே அதன் தாய்வீடு. 2019இல் விளாதிமிர் புரோன்கேவிச், பிலிப் மலேகோ ஆகிய ஆய்வாளர்கள் சாஸ்தியா விரிகுடாப் பகுதியில் அதன் கூட்டைக் கண்டறிந்தனர். 'சாஸ்தியா' என்றால் ரஷ்ய மொழியில் மகிழ்ச்சி என்று பொருள்.

கோடையில் அங்குப் பகல் நீளும். சதுப்பில் பூச்சிகள் பெருகும். பொரித்த சில நாளிலேயே குஞ்சுகள் தாமே இரை தேடத் தொடங்கும். காடு எரிந்தாலோ சதுப்பு வற்றினாலோ அந்த ஆண்டின் தலைமுறையே இல்லாமல் போகும். உலகில் இப்பறவைகளின் எண்ணிக்கை 2,000 அளவைத் தாண்டாது என்பது ஆய்வாளர் கணிப்பு.

இடைவழியில் நேர்ந்தது

இனப்பெருக்கம் முடிந்ததும் அவை தெற்கு நோக்கிப் பறக்கின்றன. பினாங்கு அங்கிருந்து 6,000 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. இந்தக் கிழக்காசிய–ஆஸ்திரேலிய வான்வழியை 5 கோடிக்கும் மேற்பட்ட நீர்ப்பறவைகள் பயன்படுத்துகின்றன. அவை இளைப்பாறி இரை தேடும் முக்கிய இடம் மஞ்சள் கடலின் சேற்றுவெளி. அங்கே 2006இல் தென்கொரியா, சேமாங்கும் என்னுமிடத்தில் 33 கிலோமீட்டர் நீளத் தடுப்புச்சுவரால் கடலை அடைத்தது. ஆயிரக்கணக்கில் இறங்கிய பறவைகள் அவ்விடத்தில் வெகுவாகக் குறைந்தன. வடக்கே கூடுகள் பத்திரமாக இருந்தும் பயனில்லை. பின்னர் 2019இல் சீனாவின் சேற்றுவெளிகளும், 2021இல் கொரியாவின் சேற்றுவெளிகளும் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது ஆறுதல் தரும் செய்தி.

நம் வாசலில்

பினாங்குப் பெருநிலத்தின் வடகரையான தெலுக் ஆயர் தாவார்–குவாலா மூடா சேற்றுவெளி, இப்பச்சைக்காலிகள் குளிர்காலத்தைக் கழிக்கும் முக்கிய இடங்களுள் ஒன்று. தென்கரையில் பைராம் பாக்காவ் காடு உள்ளது. கரும்பும் பின்னர் ரப்பரும் பயிரிட, நம் முன்னோர் வடிகால் வெட்டி உழைத்த வட்டாரம் இது. இதன் அருகேதான் புலாவ் பூரோங் குப்பை நிரப்பிடம் இருக்கிறது. 'பறவைத் தீவு' என்ற பெயர் தாங்கிய இடத்தில் இன்று குப்பை மலை! 2022 ஜனவரியில் அது தீப்பற்றியபோது, புகையைச் சுவாசித்தவர்கள் சுற்றுவட்டார மக்களே. ஆக, சதுப்பின் நலமும் குடியிருப்பின் நலமும் வேறு வேறல்ல.

நம்பிக்கை தருவோரும் உளர். பினாங்கு கரையோர மீனவர் நலச் சங்கத்தார் 1997 முதல் பாக்காவ் கன்றுகளை நட்டு வருகின்றனர். பாக்காவ் வேர்களுக்கிடையே மீனும் இறாலும் குஞ்சு வளர்க்கும் என்பதை அவர்கள் தொழிலால் அறிந்தவர்கள்.

நாம் செய்யக்கூடியது

சங்கிலியின் வலிமை அதன் மிக மெலிந்த கண்ணியில்தான் இருக்கிறது. ரஷ்யக் காட்டை நாம் காவல் காக்க இயலாது. பைராம் கரை நமக்கு எட்டும் தூரத்தில் உள்ளது. ஆண்டுதோறும் ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. எண்ணிக்கை பதிவான கரைக்காகவே அரசிடம் வாதாட முடியும். பதிவில்லாத கரை வெறும் சேறாகவே கருதப்படும். கன்று நடவும் கணக்கெடுக்கவும் நம் தமிழ் மாணவர்கள் முன்வர வேண்டும். புலவர் அன்று நாரையிடம் செய்தி சொல்லி அனுப்பினார். இன்று பறவைகள் கொண்டுவரும் செய்தியைக் கேட்பது நம் கடமையாகும்.