பழைய மோட்டார் வண்டிகளும் அவற்றைப் பேணும் சங்கங்களும்

பழம்பொருள்கள் எல்லாம் ஒரு தன்மையன அல்ல. செப்பேடும் கற்சிலையும் இருந்த இடத்தில் இருந்தவாறே தம் பழமையைக் காட்டும். இயந்திரமோ இயங்கும்போதுதான் இயந்திரம். நின்றுவிடின் அது வெறும் இரும்பு. இயக்கினால் தேய்கிறது, தேயாதிருக்க நிறுத்தி வைத்தால் தன் இயல்பை இழக்கிறது. இவ்விருதலை இடர், இரண்டாம் உலகப்போருக்கு முன் செய்யப்பட்ட மோட்டார் வண்டிகளைத் தேடித் தொகுத்துப் பேணுவோர் அனைவர்க்கும் உரியது. அன்னோர் சங்கங் கூடி இதனை எங்ஙனம் எதிர்கொள்கின்றனர் என்பதை இங்கிலாந்து முதலிய நாடுகளின் வரலாறு கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யாம் இப்பொருளை எடுத்துக்கொண்டமை அறிந்த எம் வகுப்புத் தோழர் ஒருவர், "ஓலைச்சுவடி படிப்போர்க்கு ஓட்டை வண்டியோடு என்ன உறவு?" என நகைத்தார். அவ்வினாவுக்குரிய விடை பின்னர்த் தானே புலப்படும்.

1. காலப் பாகுபாடு

இலக்கியத்தைக் காலந்தோறும் வகுத்துக் கற்பது போலவே, இங்கிலாந்து நாட்டு ஆர்வலர் வண்டிகளையும் காலத்தால் வகுப்பர். 1904 ஆம் ஆண்டு முடியச் செய்யப்பட்டவை 'வெட்டரன்' எனப்படும். 1905 முதல் 1918 வரையிலானவை 'எட்வர்டியன்'. ஏழாம் எட்வர்டு மன்னர் 1910 இலேயே இறந்தாராயினும், அவர் பெயர் இவ்வகையில் 1918 வரை நீண்டு வழங்குகிறது. 1919 தொடங்கி 1930 முடிய உள்ளவை 'விண்டேஜ்'. அதன் பின்னர்ப் போர் மூளுமுன் செய்யப்பட்டவற்றைச் சங்கத்தார் ஒருசேர ஏற்றுக்கொள்வதில்லை. வேலைத்திறத்தால் சிறந்தனவற்றை மட்டும் தெரிந்தெடுத்துத் தனி வகையாக வைப்பர். 1930 ஐ எல்லையாகக் கொண்டமைக்குக் காரணம் யாது? அதற்குப்பின் தயாரிப்பாளர் பலர் கைத்திறனைக் கைவிட்டு, மலிவாகவும் மிகுதியாகவும் செய்து விற்பதிலேயே கருத்தூன்றினர் என்பது அவர்கள் துணிபு. இத்துணிபு எல்லார்க்கும் உடன்பாடாகாது. எனினும் எல்லை ஒன்றுண்டாயினன்றித் தொகை எதுவும் நிலைபெறாது.

2. சங்கங்களின் தோற்றம்

1865 இல் இங்கிலாந்தில் இயற்றப்பட்ட சட்டம், தானே இயங்கும் வண்டிகள் நாட்டுப்புறச் சாலையில் மணிக்கு 4 மைலும், ஊர்க்குள் 2 மைலுமே செல்லலாம் என வரையறுத்தது. அன்றியும், வண்டிக்கு முன்னே 60 கஜ தூரத்தில் ஒருவன் செங்கொடி பிடித்து நடத்தல் வேண்டும். கொடி பிடிக்கும் கட்டாயம் 1878 இல் தளர்ந்தது. ஆயினும் முன்னே நடப்பவன் நீங்கினானல்லன். 1896 நவம்பர் 14 இல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோதுதான் மோட்டார் வண்டி அத்தளையினின்று விடுபட்டது. அவ்விடுதலையைக் கொண்டாட, அன்றே இலண்டன் மாநகரிலிருந்து கடற்கரை ஊராகிய பிரைட்டனுக்கு வண்டிகள் பல புறப்பட்டன; வழியிற் பழுதுற்று நின்றனவும் உண்டு.

முப்பத்தோராண்டு கழித்து, 1927 இல், ஒரு செய்தித்தாளின் முயற்சியால் அவ்வோட்டம் மீண்டும் நடைபெற்றது. அக்காலத்தில் பழைய வண்டி என்பது பெரும்பாலார்க்கு நகைப்புக்குரிய பொருளாகவே இருந்தது. எத்துணையோ வண்டிகள் இரும்பு விலைக்குப் போயின. 1930 ஆம் ஆண்டின் ஓட்டத்தை ஒட்டிப் பிரைட்டனிலுள்ள ஓல்டு ஷிப் விடுதியில் ஆர்வலர் மூவர் கூடி, இவ்வண்டிகளைக் காக்க ஒரு சங்கம் வேண்டுமெனத் துணிந்தனர். அதுவே 'வெட்டரன் கார் கிளப்'. 1934 இல் தோன்றிய 'விண்டேஜ் ஸ்போர்ட்ஸ்-கார் கிளப்' சிறப்பாகக் கருதத்தக்கது; பெருஞ்செல்வமில்லாதாரும் பழைய வண்டியை ஓட்டி மகிழவும் பந்தயத்தில் கலந்துகொள்ளவும் வேண்டும் என்பதே அதன் தொடக்க நோக்கம். இவற்றுக்கு முன்னரே, 1929 இல், புகாட்டி வண்டி உடையார் தமக்கெனச் சங்கங் கண்டிருந்தனர். பென்ட்லி வண்டியார் 1936 இல் கண்டனர். அமெரிக்க நாட்டிலும் 1935 இல் இத்தகைய சங்கம் ஒன்று பிலடெல்பியாவில் எழுந்தது.

சங்கம் செய்யும் பணி மூன்று. முதலாவது, வண்டியின் காலத்தைத் துணிதல். பிரைட்டன் ஓட்டத்திற் கலக்க வண்டி 1905 க்கு முற்பட்டதாதல் வேண்டும்; ஆதலின் ஓராண்டுப் பிறழ்வும் பெரிதாகும். எண்ணும், அமைப்பும், பழைய விலைப்பட்டியலும், நிழற்படமும் ஒப்புநோக்கி அறிந்தோர் முடிவு கூறுவர். இரண்டாவது, உறுப்புகள் கிடைக்கச் செய்தல். தொழிற்சாலை மூடி எழுபது எண்பது ஆண்டு கடந்த வண்டிக்குக் கடையில் உறுப்பு கிடையாது. ஒருவர் தனித்து ஓர் உறுப்பு வார்ப்பித்தால் செலவு தாங்காது. இருபதின்மர் கூடி வார்ப்பித்தால் தாங்கும். மூன்றாவது, கைத்தொழிலறிவைக் கைமாற்றுதல். இது நூலில் எழுதி முடியாதது. மூத்தார் செய்ய இளையார் அருகிருந்து கண்டு பயில்வது.

3. ஓட்டும் முறை

இக்காலத்து வண்டியிற் பழகியவர் இவற்றுள் ஒன்றில் ஏறினால் மருளுவது திண்ணம். இயந்திரத்தை உயிர்ப்பிக்க முன்புறத்துக் கைப்பிடியைச் சுழற்றவேண்டும். அதற்கு முன், தீப்பொறி எழும் நேரத்தைச் சிறு நெம்புகோலால் பிந்தச் செய்தல் வேண்டும். மறந்தால் கைப்பிடி எதிர்த்துச் சுழன்று மணிக்கட்டை முறித்துவிடும். பல வண்டிகளில் வேகம் முடுக்கும் மிதி நடுவில் இருப்பதால், தடையை மிதிப்பதாக எண்ணி முடுக்கியை மிதித்தலும் எளிது. கியர் மாற்றுங்கால், கிளச்சை மிதித்து நடுநிலைக்குக் கொணர்ந்து, அதனை விடுத்து, இயந்திர வேகத்தைத் தக்கவாறு ஏற்றியோ இறக்கியோ, மீண்டும் மிதித்துப் பற்களைப் பொருத்தவேண்டும். இதற்குச் செவியே வழிகாட்டி. பிழை நேர்ந்தால் பற்கள் உராய்ந்து அலறும் ஒலி ஊரெல்லாம் கேட்கும். முற்காலத்து வண்டிகளில் தடை பின்சக்கரங்களுக்கு மட்டுமே உண்டு. விளக்கோ, கார்பைடின்மேல் நீர் சொட்ட எழும் வாயுவால் எரிவது. ஆதலின் இவ்வண்டியை உடைமையாகப் பெறுதல் பணத்தால் ஆகலாம். ஓட்டுதல் பயிற்சியால் மட்டுமே ஆகும்.

4. புதுக்குதலும் காத்தலும்

இனி, எம் தோழர் வினாவுக்கு வருவோம். உ. வே. சாமிநாதையர் 1887 இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது எதிர்ப்பட்ட இடர்கள் யாவை? சிதைந்த ஏடு, பாடபேதம், பிற்காலத்தார் கைச்சேர்க்கை. பழைய வண்டியைப் புதுக்குவோர்க்கும் இடர்கள் இவையே. அலுமினியத் தகட்டின் உட்புறத்து மரச்சட்டம் செல்லரித்திருக்கும். அது சிதைந்த ஏடு. ஒரே வகை வண்டிகள் இரண்டினுள் ஒன்றில் ஒருவகை விளக்கும் மற்றொன்றில் வேறுவகை விளக்கும் இருக்கும். எது தொழிற்சாலையில் வைத்தது? அது பாடபேதம். பின்வந்த உடையவர் ஒருவர் தம் வசதிக்காக வேறு இயந்திரத்தைப் பொருத்தியிருப்பர், அது கைச்சேர்க்கை.

இதிற் சங்கத்தாரிடையே இருவேறு கருத்துகள் உள. ஒரு சாரார் வண்டியை முற்றும் பிரித்துப் புதிதாகச் சாயமேற்றிப் பளபளக்கச் செய்வர். அவ்வண்டி தொழிற்சாலையினின்று வெளிவந்த நாளிற்கூட அத்துணை ஒளியோடு இருந்திராது. மற்றொரு சாரார், தேய்ந்த தோலிருக்கையும் மங்கிய வண்ணமுமே வண்டியின் வரலாறு, அவற்றை அழித்தல் ஏட்டைச் சுரண்டி எழுதுதல் போலாம் என்பர். பன்னாட்டுப் பழைய வண்டிக் கூட்டமைப்பு 2013 இல் ஏற்ற தூரின் சாசனம், இயன்றவரை உள்ளதைக் காத்தலையும், செய்த மாற்றத்தை எழுதிவைத்தலையும் வற்புறுத்துகிறது. பதிப்பாசிரியர் தம் திருத்தத்தை அடிக்குறிப்பிற் காட்டுவதும் இதுவே. யாமும் இரண்டாஞ் சாரார் பக்கமே நிற்போம். ஆயினும் அறுந்துபோன தடைக்கம்பியை வரலாற்றின் பெயரால் அப்படியே விடுதல் கூடாது; உயிர் காக்கும் உறுப்பில் பழமையினும் உறுதியே வேண்டப்படுவது.

5. ஒரு வழக்கு

உறுப்புகள் ஒவ்வொன்றாய் மாறிய பின்னும் வண்டி அதே வண்டியா? இவ்வினா நீதிமன்றமும் ஏறிற்று. 'ஓல்டு நம்பர் ஒன்' எனப் பெயர்பெற்ற பென்ட்லி வண்டி, பிரான்சு நாட்டு லெ மான் பந்தயத்தில் 1929 இலும் 1930 இலும் வென்றது. 1932 இல் புரூக்லண்ட்ஸ் ஓடுதளத்தில் மேட்டைக் கடந்து கவிழ, ஓட்டிய கிளைவ் டன்ஃபீ உயிரிழந்தார். பின்னர் அது வேறு மேற்கட்டுடன் மீண்டும் அமைக்கப்பெற்றது. 1990 இல் அதனை ஒரு கோடிப் பவுனுக்கு விற்க உடன்பாடாயிற்று. வாங்க இசைந்தவர், 'இது அவ்வண்டி அன்று' எனப் பின்வாங்கினர். 1929 இல் வென்ற வண்டியின் உறுப்புகளுள் எஞ்சியவை மிகச் சிலவே என்பது மன்றில் வெளிப்பட்டது. எனினும் நீதிபதி ஆட்டன், அவ்வண்டி எக்காலத்தும் இல்லாதொழியவில்லை, மாற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதன்மேலேயே நிகழ்ந்தன, வரலாறு அறுபடவில்லை, ஆதலின் அப்பெயர் அதற்குரியதே எனத் தீர்ப்பளித்தார். உறுப்பன்று, இடையறாத் தொடர்ச்சியே ஒரு பொருளை அப்பொருளாக்குகிறது என்பது இதனால் பெறப்படும்.

6. பூட்டிய கூடம்

தொகுப்பார்வம் அளவு கடந்தால் விளைவது யாது என்பதற்குப் பிரான்சு நாட்டு முலூசு நகரம் சான்று. அங்கே கம்பளி ஆலைகள் நடத்திய சுலும்ப் உடன்பிறந்தார் இருவர், பழைய வண்டிகளை மறைவாக வாங்கிக் குவித்தனர். 1964 இல் அமெரிக்கர் ஒருவரிடமிருந்து 30 புகாட்டி வண்டிகளை ஒருசேர வாங்கினர். பழைய ஆலைக் கட்டடம் ஒன்றில், அழகிய விளக்குகள் நூற்றுக்கணக்கில் ஒளிர, ஏறத்தாழ 400 வண்டிகள் நின்றன, காண்போர்தாம் இல்லை. ஆலைத்தொழில் நலிந்து தொழிலாளர் வேலையிழக்கும் நிலை வர, உடன்பிறந்தார் சுவிட்சர்லாந்துக்குச் சென்றனர். 1977 மார்ச்சில் தொழிலாளர் அக்கூடத்தினுட் புகுந்து கண்டனர். தம் உழைப்பின் பயன் எங்கே சென்றது என்பது அன்றுதான் அவர்க்கு விளங்கிற்று. ஏறத்தாழ ஈராண்டு அதனைத் தம் கைக்கொண்டிருந்தனர். அத்தொகை சிதறாமற் காக்கப்பெற்று, 1982 இல் பொருட்காட்சிச் சாலையாக யாவர்க்கும் திறக்கப்பட்டது. வண்டிகள் அவையே, கதவு திறந்தமையே வேற்றுமை. அவற்றைச் சேர்த்தவரின் அறிவை யாம் இகழோம். ஆனால் பிறர் கூலியைக் கருதாது சேர்த்த தொகை பெருமைக்குரியதாகாது.

7. முடிவுரை

இக்காலத்தே இச்சங்கங்களை வருத்தும் கவலைகள் சில உள. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய இரப்பர்க் குழாய்களை அரிக்கின்றது. கைத்தொழில் வல்லார் மூப்பெய்துகின்றனர். விலையேற்றத்தால், சிறுபொருளாளர்க்கென 1934 இல் எண்ணிய விளையாட்டு, பெரும்பொருளாளர் முதலீடாக மாறிவருகிறது. நம் நாட்டிலும் 2021 இல் ஐம்பதாண்டு கடந்த வண்டிகளுக்குத் தனிப்பதிவு முறை வகுக்கப்பட்டது. ஆதலின் இக்கவலைகள் நமக்கும் அயலன அல்ல.

நூற்றாண்டு கண்ட வண்டியை ஒருவர் உடைமையாகக் கொள்வது இருபது முப்பது ஆண்டே. அவருக்கு முன்னும் உடையார் இருந்தனர், பின்னும் இருப்பர். ஆகவே அவர் உடையவர் என்பதினும் உக்கிராணக்காரர் என்பதே பொருந்தும். பெற்றதைக் குறையாது ஒப்படைத்தலே அவர் கடன். ஏடு காத்தோர் நமக்குச் செய்ததும் அதுவே. ஓலைச்சுவடி படிப்போர்க்கு ஓட்டை வண்டியோடு உள்ள உறவு இதுவென, நகைத்த தோழர்க்கு யாம் விடை கூறி அமைகின்றோம்.