மயிலிட்டிக் கரையில் விலங்குச் சக்தி: சிறுவர் தொடர் எழுதப் போகிறவருக்கு

நாலைந்து நண்பர்கள், ஆளுக்கொரு விலங்கின் சக்தி, எதிரே ஒரு கெட்டவன். ஒன்பது முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்காக இந்த அச்சில் ஆங்கிலத்தில் எத்தனையோ தொடர்கள் வந்துவிட்டன. 1996இல் தொடங்கிய ‘அனிமார்ஃப்ஸ்’ 54 புத்தகம் ஓடி 2001இல்தான் ஓய்ந்தது. 2013இல் ‘ஸ்பிரிட் அனிமல்ஸ்’ வந்தது. விக்கிரமாதித்தன் கூடுவிட்டுக் கூடு பாய்ந்த கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது ஒன்றும் புதிதில்லை. அப்படியொரு தொடரை யாழ்ப்பாணத்து மீனவ ஊரான மயிலிட்டியில் நடத்த யாராவது துணிந்தால், அவருக்குச் சில யோசனைகள்.

செய்ய வேண்டியவை

முதலில் கீரிமலைக்குப் போய்விட்டு வாருங்கள். காங்கேசன்துறையைத் தாண்டினால் வந்துவிடும். கடல் இரைச்சல் காதில் விழும் தூரத்திலேயே நன்னீர்க் கேணி. கீரிமுகத்தோடு அலைந்த நகுலமுனிவர் அதில் நீராடி மனித முகம் பெற்றார் என்பது ஐதீகம். குதிரைமுகத்தோடு வந்த சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லியும் அங்கேதான் குணமானாள். மாவிட்டபுரத்தில் முருகனுக்குக் கோயில் எழுப்பினாள். அவளை மணந்த உக்கிரசிங்கனுக்குச் சிங்கமுகம் என்றும் பழங்கதை உண்டு. வெளிநாட்டுத் தொடர்களில் சிறகு முளைத்ததும் பிள்ளை துள்ளிக் குதிக்கிறது. இந்தக் கரையின் கதைகளிலோ விலங்கு முகம் ஒரு பிணி, நீராடித் தீர்க்க வேண்டியது. ஆகவே உங்கள் நாயகி முகத்தைச் சால்வையால் மூடிக்கொண்டு திரியட்டும். அம்மம்மா கண்டுவிட்டால் சொல்லப்போவது ஒன்றுதான்: “வெளிக்கிடு பிள்ளை, கேணியிலை முழுகிப்போட்டு வருவம்.” முழுகினால் சக்தி போய்விடும், முழுகாவிட்டால் முகம் திரும்பாது. ஒரு பாகம் முழுக்க ஓட்ட இந்தச் சிக்கலே போதும்.

சக்தியை உண்மையான விலங்கிடமிருந்து எடுங்கள், அதன் குறையையும் சேர்த்து. கீரிக்குப் பாம்பு விஷம் ஏறவே ஏறாது என்பது பாதி உண்மை. நாகத்தின் விஷம் நரம்பில் போய்ப் பற்றிக்கொள்ளும் இடம் கீரியின் உடலில் சற்றே மாறியிருக்கிறது. அதனால் ஓரளவு தாங்கும். அளவு மிஞ்சினால் அதுவும் சாகும். மற்றதெல்லாம் வேகம்தான். எட்டுக்கைப் பேய்க்கணவாயைப் பாருங்கள். கண்ணிமைக்கும் நேரத்தில் நிறம் மாறும், எலும்பில்லாததால் சின்னப் பொந்துக்குள்ளும் நுழையும், இதயம் மூன்று. ஆனால் நீந்தும்போது அதில் ஒன்று நின்றுவிடுவதால் சீக்கிரம் களைத்துப்போகும். சண்டை நடுவே மூச்சு வாங்கும் வீரன் கதைக்கு நல்லவன்.

கடலாமையை மறக்க வேண்டாம். பூமியின் காந்தப்புலத்தை வைத்து வழி கண்டு, தான் பிறந்த கரைப்பக்கமே பல ஆண்டு கழித்து முட்டையிட வரும். மயிலிட்டிச் சனம் 1990 ஜூனில் போரால் இடம்பெயர்ந்தது. துறைமுகமும் அதைச் சுற்றி 54 ஏக்கரும் இராணுவத்திடமிருந்து விடுபட்டது 2017 ஜூலையில். நலன்புரி முகாமில் பிறந்து, கண்ணால் காணாத ஊரைத் தன் ஊர் என்று சொல்லி வளர்ந்த பெட்டைக்கு ஆமையைக் கொடுங்கள். கொடுத்த பிறகு விளக்கம் எழுதாதீர்கள்.

ஆளுக்குப் பொருந்தாத விலங்கு நல்லது. ‘ஸ்பிரிட் அனிமல்ஸ்’ தொடரில் சண்டைக்காரி மெயிலினுக்கு வாய்ப்பது சாதுவான பாண்டா; அந்த எரிச்சலில்தான் அவள் கதை நகர்கிறது. நம் படிப்பாளிப் பெடியனுக்கு மரநாய் கிடைக்கட்டும். இரவெல்லாம் கூரையில் ஓடிவிட்டுப் பகலில் வகுப்பில் தூங்கி ரீச்சரிடம் ஏச்சு வாங்கட்டும்.

விதி ஒன்று வையுங்கள். ‘அனிமார்ஃப்ஸ்’ பிள்ளைகள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விலங்காக இருந்தால் மீள முடியாது. டோபியாஸ் முதல் புத்தகத்திலேயே பருந்தாக மாட்டிக்கொள்கிறான். வாசிக்கும் பிள்ளை அதன் பிறகு மணிக்கூட்டைப் பார்த்தபடியேதான் பக்கம் புரட்டும்.

செய்யக்கூடாதவை

சிங்கமும் புலியும் வேண்டவே வேண்டாம். இந்த நாட்டில் அவை இரண்டும் வெறும் விலங்குகள் இல்லை.

பெரிய பழந்தின்னி வௌவாலுக்கு எதிரொலி கேட்டுப் பறக்கும் சக்தி கொடுக்காதீர்கள். அது கண்ணையும் மூக்கையும் நம்பிப் பறப்பது.

அருவி, அடர்காடு, பனிமலை என்று வெளியிலிருந்து இறக்காதீர்கள். யாழ்ப்பாணம் வற்றாத ஆறில்லாத சுண்ணக்கல் தரை, தண்ணீர் நிலத்தடியில்தான். புத்தூர்ப் பக்கத்து நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், ஆழத்தில் உப்புநீர். இரகசியப் பாதைக்கு வேறெங்கே போக வேண்டும்?

மாரியில் வாடைக்காற்று அடிக்கும் நாளில் பிள்ளைகளைச் சும்மா வள்ளத்தில் ஏற்றிக் கடலுக்கு அனுப்பாதீர்கள். மயிலிட்டி வாசகர் அந்தப் பக்கத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவார்.

மந்திரத்தால் 1990ஐ அழிக்க வேண்டாம். இடிந்த வீடு இடிந்தபடியே நிற்கட்டும்.

இந்திய றோலரை அரக்கனாக்குவது மிக எளிது, அதனாலேயே வேண்டாம். மயிலிட்டித் துறைமுகத்தில் கடற்படை பிடித்துக் கொண்டுவந்த இழுவைப்படகுகள் நிற்பது உண்மை. வலை அறுந்தவரின் கோபமும் உண்மை. கடலடியை வாரும் இழுவைமடியை இலங்கை 2017இல் சட்டம் போட்டுத் தடுத்தது, துறைமுகம் விடுபட்ட அதே ஜூலையில். இதெல்லாம் கதைக்குள் தாராளமாக வரட்டும். ஆனால் அந்தப் படகில் கூலிக்கு வந்தவருக்கும் இராமேஸ்வரத்தில் ஒரு பிள்ளை இருக்கும். நண்பர்களில் ஒருவனை அங்கே வையுங்கள். ஆமைக்காரி கடல் எல்லையைத் தாண்டிப்போய் அவனைச் சந்திக்கிறாள். “உங்கட அப்பா எங்கட வலையை அறுத்துப்போட்டார்.” “எங்கப்பா ரெண்டு மாசமா உங்க ஊரு ஜெயில்ல இருக்காரு.” இதன் பிறகு அந்த அத்தியாயத்துக்கு அரக்கன் எதற்கு?

பிள்ளைகளைப் பாடப்புத்தகத் தமிழில் பேசவிடாதீர்கள். சென்னையில் குரல் மாற்றிய கார்ட்டூன் தமிழிலும் வேண்டாம்.

54 பாகம் போட ஆசைப்படாதீர்கள். புலமைப்பரிசில் பரீட்சை முடிந்த கையோடு முதல் பாகத்தை எடுக்கிற பிள்ளை, சாதாரண தரத்துக்கு ரியூசன் போகத் தொடங்குமுன் கடைசிப் பாகத்தை முடித்திருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒன்றாக நாலு பாகம், ஒவ்வொன்றும் நூறு பக்கத்துக்குள்.