கலவை இல்லாமல் கல் அடுக்கித் தோட்டத்துக்குத் தடுப்புச் சுவர்

பழவேற்காடு ஏரிக்கரை ஊர்களில் மண் மணற்பாங்கானது. தோணிரேவு போன்ற ஊர்களில் வீட்டுக் கொல்லையில் கீரை, கத்தரி, வெண்டை போட விரும்புவோர் செம்மண்ணும் எருவும் கொட்டி மேடாக்குவது வழக்கம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அம்மண்ணில் பெரும்பகுதி தாழ்ந்த பக்கமாக அரித்துச் சென்றுவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் திருவள்ளூர் மாவட்டத்தில் கொட்டிய மழையை யாரும் மறந்திருக்க முடியாது. காசு கொடுத்து வாங்கிய மண்ணைக் காக்க, தாழ்ந்த பக்கத்தில் 2 அடி உயரத் தடுப்புச் சுவர் ஒன்று போதும்.

சுவர் சாய்வது ஏன்?

மண்ணின் பாரத்தால் மட்டும் சுவர் சாய்வதில்லை. சுவருக்குப் பின்னால் தேங்கும் நீரே பெரும்பாலும் அதைத் தள்ளிவிடுகிறது. கலவை பூசிக் கட்டிய சுவரில் வடிதுளை விடாவிட்டால் நீருக்குப் போக்கிடம் இல்லை. கலவையின்றி அடுக்கிய சுவரில் கல்லுக்குக் கல் உள்ள இடுக்கு வழியாக நீர் கசிந்து வெளியேறும். கம்பியும் தேவையில்லை. உப்புக்காற்று வீசும் இடத்தில் கம்பி துருப்பிடித்துக் கல்லைப் பிளந்துவிடும் என்பதால் இது கூடுதல் நன்மை.

இடமும் காலமும்

இது தோட்டச் சுவர். அலை மோதும் கரையில் இது நிற்காது. ஏரியை ஒட்டிய நிலத்துக்குக் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் உண்டு. ஆகவே கிராம நிர்வாக அலுவலரையும் ஊராட்சியையும் கேட்டபின் வேலையைத் தொடங்குவது நலம். மாசி முதல் வைகாசி வரை ஏற்ற காலம். தென்னை, முருங்கை ஆகியவற்றுக்கு 6 அடியாவது தள்ளி நூல் பிடிக்கவும். சுவரின் இரு முனைகளையும் மேட்டுப் பக்கமாக 3 அடி திருப்பிவிட்டால் நீர் பக்கவாட்டில் அரிக்காது.

தேவையான பொருள்கள்

திருப்பங்களையும் சேர்த்து 30 அடி நீளச் சுவர் என்று வைத்துக்கொள்வோம். 16 அங்குல நீளம், 8 அங்குல அகலம், 8 அங்குல உயரமுள்ள சாலிட் பிளாக் கற்கள் வேண்டும். உள்ளே வெற்றிடமுள்ள ஹாலோ பிளாக் எடை குறைவு, இதற்கு ஏற்றதல்ல. கீழிரு வரிசைகளில் கல்லைக் குறுக்காக வைப்பதால் வரிசைக்கு 45 வீதம் 90. மேலிரு வரிசைகளில் நீளவாக்கில் 23 வீதம் 46. உடைசலுக்கு 6 சேர்த்து மொத்தம் 142 கற்கள். அடித்தளத்துக்கும் சுவரின் பின்புறத்துக்கும் ஒன்றரை அங்குல ஜல்லி ஒரு யூனிட், அதாவது 100 கன அடி, போதும்.

அடுக்கும் முறை

2 அடி அகலம், 14 அங்குல ஆழத்தில் வாய்க்கால் வெட்டவும். அதில் 6 அங்குலம் ஜல்லி கொட்டி, நீர் தெளித்துத் திமிசுக்கட்டையால் இறுக்கவும். முதல் வரிசை முழுவதும் தரைக்குள் புதையும்படி, ரசமட்டம் வைத்து ஒவ்வொரு கல்லாகப் பதிக்கவும். இவ்வரிசையில் நேரும் பிசகு மேலே போகப் போகப் பெருகும், அவசரம் கூடாது.

அடுத்த வரிசைகளில் கீழ்க்கல்லின் இணைப்பு மேல்கல்லின் நடுவில் வரவேண்டும். ஒவ்வொரு வரிசையையும் 1 அங்குலம் மண் பக்கமாக உள்வாங்கி வைத்தால் சுவர் மண்மீது சாய்ந்தாற்போல் நிற்கும். ஒரு கல் 35 கிலோ அளவு எடை இருக்கும். இருவராகத் தூக்குவது நல்லது.

ஒரு வரிசை முடிந்ததும் அதன் பின்னால் 1 அடி அகலத்துக்கு ஜல்லியும், அதற்கப்பால் மண்ணும் நிரப்பி இறுக்கவும். இரண்டுக்கும் நடுவே மண் வடிகட்டும் துணி வேண்டும். ஜியோ துணி கிடைக்காதபோது, உள் பிளாஸ்டிக் பை நீக்கிய பழைய உரச்சாக்குகளை 1 அடி ஒன்றன்மேல் ஒன்று படியும்படி விரிக்கலாம். பழைய வலை உதவாது. அதன் கண் வழியே மணல் ஒழுகிவிடும். துணியை ஜல்லியின் மேலும் மடித்து மூடியபின், கடைசி 8 அங்குலத்துக்கு ஜல்லி இடாமல் வண்டலும் மக்கிய எருவும் கலந்த மேல்மண் நிரப்பவும்.

2 அடிக்கு மேல் வேண்டாம்

மேம்பாலங்களின் இருபுறமும் உயரமான சுவர்கள் நிற்கின்றனவே என்று கேட்கலாம். அவற்றில் பலவற்றில் மண்ணுக்குள் அடுக்கடுக்காகப் பட்டைகளோ வலைகளோ புதைக்கப்பட்டுள்ளன. பிரெஞ்சுப் பொறியாளர் ஹென்றி விடால் 1960-களில் வகுத்த முறை அது. அதற்குப் பொறியாளரின் கணக்கு தேவை. நமக்கு உயரம் போதாவிட்டால், சில அடிகள் தள்ளி இன்னொரு படியாகத் தாழ்ந்த சுவர் எழுப்புவதே பாதுகாப்பு.

முதல் மழையில் சுவரைச் சுற்றி வந்து பார்க்கவும். இடுக்குகளில் தெளிந்த நீர் கசிந்தால் வேலை சரி. கலங்கல் நீர் வந்தால் அவ்விடத்தில் துணி விலகியிருக்கிறது என்று பொருள். மழை விட்டதும் அப்பகுதியை மட்டும் பிரித்துத் துணியைச் சீர்செய்து, அதே கற்களையே மீண்டும் அடுக்கிவிடலாம்.